நடுமேடைக்கு மேல் ஒரு குக்கர் ஹூட்: கொட்டகலைப் பக்கத்து வீடொன்றில் நடந்தது

பின்னணி

வீடு இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒரு சரிவில் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். கணவரின் தாயாரும் அவர்களோடுதான்; முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறார். 2016இல் கட்டிய மாடியில்லாத வீடு. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட், உள்ளே பீவீசீ சிலிங்.

2023 ஆகஸ்டில் மகள் அனுப்பிய பணத்தில் குசினியைப் புதுப்பித்தார்கள். சுவரோரம் பென்ட்ரி கபேட், நடுவில் கிரனைட் போட்ட மேடை. பென்ட்ரிக்காரர்கள் ஐலண்ட் என்பார்கள். வீட்டில் நடுமேடை என்றே பெயர். கேஸ் அடுப்பை அந்த மேடையிலேயே பதித்துவிட்டார்கள். அடுப்புக்குப் பின்னால் சுவர் இல்லாததால், சமையல் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஹூட்டும் மேலிருந்து தொங்க வேண்டியதாயிற்று.

பழைய விறகடுப்பை அம்மா விடவில்லை. 2022இல் கேஸ் தட்டுப்பாட்டின்போது வரிசையில் காத்து நின்றவர்கள் அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டார்கள். பின்னால் தனி அறை, அதற்கொரு புகைபோக்கி, மூலையில் மிலாறுக் கட்டுகள் (கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகள்). முன் குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு மரக்கதவு. ஹூட் பொருத்த வந்தவர்கள் அந்தக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன். இப்போது வயரிங், மின்விசிறி, குழாய் வேலைகள் செய்கிறேன். இந்த வீட்டுக்கு முதல் வேலைக்காக அல்ல, முதல் வேலை பிழையாகிப்போன பிறகு வந்தவன்.

முதல் பொருத்தல், நவம்பர் 2023

ஹூட் நல்ல பொருள். நடுமேடைக்கென்றே செய்தது. 90 சென்ரிமீற்றர் அகலம், 28 கிலோ எடை, மேலே 150 மில்லிமீற்றர் வாய், அதிகபட்சம் மணிக்கு 700 கன மீற்றர் காற்றை இழுக்கும் என்று பெட்டியில் இருந்தது. அடுப்பு 75 சென்ரிமீற்றர். ஆக இரு பக்கமும் ஏழரை சென்ரிமீற்றர் கூடுதல். சுவரோரத்து அடுப்பில் சுவரே புகையை மேலே கூட்டிப்போகும். நடுமேடையில் நாலு பக்கமும் திறந்த வெளி. ஆள் குறுக்கே நடந்தாலே புகை சாய்ந்துவிடும். அதனால் அடுப்பைவிட அகலமான ஹூட்தான் வேண்டும். இந்தத் தேர்வில் பிழை இல்லை. பிழை எல்லாம் ஹூட்டுக்கு மேலே.

ஹார்ட்வெயார் கடையில் 150 குழாய் கிடைக்கவில்லை. கழிவுநீருக்குப் போடும் 110 பீவீசீ இருந்தது. வாயை ஒடுக்கி அந்தக் குழாயை மாட்டினார்கள். சிலிங்குக்கு மேலே கிடையாக ஐந்தரை மீற்றர் ஓட்டி, மூன்று வளைவு போட்டு, பின்சுவரில் வெளியே விட்டார்கள். குளவி கூடு கட்டாமலிருக்க முனையில் நுளம்பு வலை. ஹூட்டைத் தொங்கவிட்டது சிலிங் அடிக்கும் மெல்லிய சட்டத்தில். மின்சாரம் பக்கத்து பல்பின் வயரிலிருந்து.

முதல் வாரம் வீட்டில் சந்தோசம்தான். கருவாடு பொரித்தால் முன்னறைக்கு மணம் வரவில்லை. சத்தம் மட்டும் அதிகம். இரண்டாம் வேகத்தில் போட்டால் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. மூன்றாவது வாரம், கொதிக்கும் பருப்புச் சட்டிக்குள் மேலிருந்து மண்ணிறத் தண்ணீர் சொட்டியது. பென்ட்ரிக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டபோது, மலையில் காற்று மெலிசு, அதனால் மெசின் இழுக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். கூரை ஒழுகுவதாக நினைத்து ஒரு மேசன் பாஸை (கொத்தனாரை) ஏற்றி சீட்டுகளுக்குப் பூச்சுப் பூசினார்கள். சொட்டு நிற்கவில்லை.

பொங்கல் நாள்

2024 ஜனவரி 15. காலையில் வாசலில் பொங்கி முடித்தபின் தூறலும் குளிரும். உறவினர் பத்துப் பேர் உள்ளே. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. முன் குசினியில் வடை, பின்னறை விறகடுப்பில் சோறும் சாம்பாறும். ஹூட் மூன்றாம் வேகத்தில் ஒரு மணித்தியாலமாக ஓடியது.

விறகடுப்புப் புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. ஈர விறகு என்று நினைத்து அம்மா ஊதி ஊதிப் பார்த்திருக்கிறார். பிறகு தலைவலி, குமட்டல். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. பசியில் வந்த மயக்கம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அதே அறையில் தண்ணீர் காய வைத்த மருமகள் டீச்சருக்கும் அப்படியே வந்தபோதுதான் பயந்தார்கள். ஆனால் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அதைச் சொல்லவில்லை. "அண்ணே, ஹூட்டிலிருந்து தண்ணி சொட்டுது, ஒருக்கா வந்து பாருங்க" என்றுதான் வீட்டுக்காரர், ஆசிரியரான சேர், சொன்னார்.

கண்டவை, 20 ஜனவரி 2024

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். தேத்தண்ணீர் கொடுக்கும்போதே அம்மா சொன்னார்: "அந்த மிசினப் போட்டா என் அடுப்பு மூச்சுத் திணறுது தம்பி." நோய் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. நான் தலையாட்டிவிட்டு ஏணியை எடுக்கப் போனேன். அரை நாள் அதனால் வீணானது.

கூரைக்குள் அப்போது 13 பாகை செல்சியஸ். குழாய் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சட்டியிலிருந்து ஏறும் ஆவி சூடானது, ஈரமானது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டதும் நீராகிவிடும். கொழும்பில் இதே குழாய் இந்த அளவுக்குச் சொட்டாமல் இருந்திருக்கலாம். இங்கே ஜனவரி விடியலில் அது சாராயம் வடிக்கும் கருவி போல வேலை செய்தது. பள்ளம் நிரம்பியதும் தண்ணீர் ஹூட்டை நோக்கித் திரும்பி வந்தது. மேசன் பாஸின் பூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

150 வாயின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர சென்ரிமீற்றர். அந்த 110 குழாயின் உள்பக்கம் அதில் பாதியும் இல்லை. பாதி வழியில் அதே காற்றைத் தள்ளினால் வேகம் இரட்டிக்கும், அதுதான் சத்தம். முனையில் இருந்த நுளம்பு வலையோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறி முக்கால்வாசி அடைத்திருந்தது. பீவீசீ சூட்டில் இளகும், தீப்பிடித்தால் நச்சுப்புகை விடும். அடுப்புக்கு மேல் அதைப் போடக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மலைக்காற்று மெலிசு என்ற கதை பாதி உண்மை. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் விசிறி தள்ளுவது கன அளவை. அந்த அளவு உயரத்தால் பெரிதாக மாறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிங்குக்கும் ஹூட்டின் மேல்தட்டுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும். 28 கிலோ மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, நேர் கீழே நெருப்பு. அடுப்பிலிருந்து ஹூட்டின் அடிவரை 58 சென்ரிமீற்றர். கையேட்டில் கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 65. வயரில் ஏர்த் இல்லை, உலோக உடல் கையில் சுருக்கென்றது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் டீச்சர் பொங்கல் நாள் விடயத்தைச் சொன்னார். சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். சாமி அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கிப் பற்றவைத்து, நடுக்கதவை ஒரு கீற்று திறந்து இடுக்கில் பிடித்தேன். ஹூட் நிற்கும்போது புகை நேராக ஏறியது. ஹூட்டை மூன்றாம் வேகத்தில் போட்டதும் பின்னறையிலிருந்து முன் குசினிக்குள் நூல் பிடித்தாற்போல் பாய்ந்தது. ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். புகை மறுபடி நிமிர்ந்தது.

முன் குசினி 4.2 மீற்றருக்கு 3.6 மீற்றர், உயரம் 2.7 மீற்றர். உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 41 கன மீற்றர். ஹூட் மணிக்கு 400 கன மீற்றர் இழுத்தாலே ஆறு நிமிடத்தில் அறை முழுவதும் காலி. காலியான இடத்துக்கு எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். புது அலுமினிய ஜன்னல்கள் இறுக்கமாக மூடுகின்றன. குளிருக்குப் பயந்து வாசற்கதவின் அடியிலும் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். திறந்திருந்த ஒரே வழி விறகடுப்பின் புகைபோக்கி. ஆகவே காற்று அதன் வழியே இறங்கி வந்தது, புகையையும் கூட்டிக்கொண்டு.

தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மாடியில் வேலை செய்தவனுக்கு இது புதிய பாடமில்லை. கொழுந்து பரப்பும் தொட்டியின் விசிறி எவ்வளவு பெரிதானாலும், காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி விடாவிட்டால் கொழுந்து வாடாது. மாடி ஜன்னலைத் திறக்க மறந்ததற்காக நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அதை ஒரு வீட்டுக் குசினியில் யோசிக்க எனக்கு ஒரு ஊதுபத்தி தேவைப்பட்டது.

புகை கண்ணுக்குத் தெரியும். போதிய காற்று இல்லாமல் விறகு எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், வெளியே வந்ததும் தெளிவு: மூன்றும் அதற்குப் பொருந்தும். அதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் அளவீடு இல்லை. ஆனால் அப்படி நினைத்து நடப்பதுதான் சரி என்று பட்டது.

அன்றே எடுத்த முடிவு

ஹூட்டின் வயரைக் கழற்றிவிட்டு வந்தேன். சமைக்கும்போது ஒரு ஜன்னலும், விறகடுப்பு எரியும்போது பின்கதவும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அம்மாவையும் டீச்சரையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இத்தனை நாள் கழித்து இரத்தத்தில் ஒன்றும் தெரியாது, இனி அப்படி வந்தால் உடனே வெளியே வந்து அப்படியே இங்கே வாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

இன்னொன்றும் அன்று சொல்ல வேண்டியிருந்தது. கேஸ் கசிந்தால் ஹூட் இழுத்துவிடும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் படியும். கேஸ் மணம் வரும்போது ஹூட்டின் சுவிட்சைத் தட்டினால் அந்தப் பொறியே போதும்.

எந்த வழி, ஏன்

என் முதல் யோசனை அடுப்பையே வெளிச்சுவர் ஓரம் மாற்றி, நடுமேடையைக் காய்கறி நறுக்கும் மேசையாக விடுவது. இன்றும் அதுதான் சிறந்த வழி என்பேன். கிரனைட்டை வெட்டியாயிற்று, தரைக்கடியில் கேஸ் குழாய் போட்டாயிற்று, மகளும் வீடியோ அழைப்பில் சம்மதிக்கவில்லை. வீடு அவர்களுடையது.

இரண்டாவது, குழாயே இல்லாமல் கரி வடிகட்டி போட்டு, காற்றை அறைக்குள்ளேயே சுற்றவிடுவது. இந்த ஹூட்டில் அதற்கு வசதி உண்டு. சொட்டு நிற்கும், புகைபோக்கிச் சிக்கலும் நிற்கும். ஆனால் ஆவியும் சூடும் உள்ளேயே தங்கும். ஜூன் மாதத்தில் துணியே காயாத ஊரில் சுவர் பூஞ்சணம் பிடித்துவிடும். சில மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டிய கரி வடிகட்டி ஹட்டனில் கிடைக்கவும் இல்லை.

ஆகவே மூன்றாவது: ஹூட்டிலிருந்து நேரே மேலே, வளைவில்லாமல், 150 தகரக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோவது, உள்ளே காற்று வர நிரந்தர வழி செய்வது. நேரே மேலே போனால் நீளம் 2.3 மீற்றர்தான். தொல்லை ஒன்று: மேலே இருப்பது அஸ்பெஸ்டஸ்.

அஸ்பெஸ்டஸ் சீட்டில் கிரைண்டர் வைத்துத் துளை போடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் இறங்கினால் திரும்பி வராது. நோய் பல வருடம் கழித்துத் தலைகாட்டும். 2018இலிருந்து இந்தச் சீட்டை நிறுத்துவதாக நம் நாட்டில் அறிவித்தார்கள். அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா 2017 டிசம்பரில் நம் தேயிலையை நிறுத்தியது, பிறகு அஸ்பெஸ்டஸ் தடையும் கைவிடப்பட்டது. நம் கொழுந்துக்கும் நம் கூரைக்கும் இப்படியும் ஓர் உறவு. நான் துளை போட மறுத்தேன். ஒரு சீட்டை முழுதாகக் கழற்றி, அந்த இடத்தில் அதே அலையுள்ள உலோகத் தகடு போடுவதாக முடிவு. தகடு கண்டியில் கிடைத்தது.

வேலை நடந்த நான்கு நாட்கள்

பெப்ரவரி கடைசிவரை காத்திருந்தோம். கூரை திறக்க அதுதான் காய்ந்த காலம். சீட்டை நன்றாகத் தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டு, கொக்கி ஆணிகளைக் கையால் கழற்றி, உடையாமல் இறக்கினோம். இரட்டைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டினோம். அன்று முழுவதும் வீட்டில் யாரும் இல்லை.

கூரையின் இரண்டு உத்திரங்களுக்குக் குறுக்கே இரும்பு பொக்ஸ் பார் போட்டு, நான்கு மரைக்கம்பிகளில் ஹூட்டைத் தொங்கவிட்டேன். பிறகு அதில் நான் தொங்கிப் பார்த்தேன். உயரம் 70 சென்ரிமீற்றர். இன்னும் ஏற்றினால் சேரின் தலைக்கு நல்லது, புகைக்கு நல்லதில்லை.

குழாயைத் தகரவேலைக்காரர் ஒருவர் மடித்துக் கொடுத்தார். கூரைக்குள் வரும் பகுதிக்கு 50 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தாள். வெளியே மழைத்தொப்பி, வலை இல்லை. குளவிக்கும் பின்காற்றுக்கும் சேர்த்துக் குழாய்க்குள் தானே மூடும் ஒரு தகடு. மின்சாரத்துக்குத் தனி மூன்று வயர், ஏர்த்தோடு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் வழியாக.

காற்று வழிதான் அதிக நேரம் எடுத்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் 30க்கு 20 சென்ரிமீற்றரில் இரண்டு திறப்பு, வெளியே சாய்தகடு, உள்ளே இழுத்து மூடும் கதவு. கிழக்குச் சுவர், ஏனென்றால் இங்கே பலத்த காற்று தென்மேற்கிலிருந்து. பிரிட்ஜுக்குப் பின்னால், ஏனென்றால் வரும் குளிர்காற்று யார் காலிலும் நேரே அடிக்காது. குளிருக்குப் பயந்து அந்தக் கதவுகளை மூடிவிட்டு ஹூட்டைப் போடுவார்கள் என்று எனக்கு நிச்சயம் தெரியும். நானே என் வீட்டில் அப்படித்தான் செய்வேன். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்தேன். இரண்டும் திறந்திருந்தால்தான் ஹூட் ஓடும். நடுக்கதவின் விளிம்பில் ரப்பர், தானே சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங்.

பிறகு ஜன்னல்களை மூடி, விறகடுப்பைப் பற்றவைத்து, மறுபடி ஊதுபத்தி. இரண்டாம் வேகம்வரை புகை நேராக நின்றது. மூன்றாம் வேகத்தில் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் வேகத்தின் வயரைக் கழற்றி நுனியை மூடிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எடுத்துவிட்டீர்களே என்று மகள் கேட்டார். குழாய் அகலமானபின் இரண்டாம் வேகமே பழைய மூன்றாம் வேகத்தைவிட நன்றாக இழுத்தது என்று டீச்சர்தான் பதில் சொன்னார்.

பின் நடந்தது

சத்தம் குறைந்தது, ஹூட் ஓடும்போதே பேச முடிகிறது. தலைவலி மறுபடி யாருக்கும் வரவில்லை. சுவர்த் திறப்பால் குசினி குளிர்கிறது என்ற முறைப்பாடு மட்டும் வந்தது. அது உண்மைதான், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஜூன், ஜூலைக் காற்றில் குழாய்க்குள் இருந்த தகடு இரவு முழுவதும் டக் டக் என்று அடித்தது. அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. விளிம்பில் கம்பளித் துணிப் பட்டி ஒட்டி, ஒரு சிறு எடை கட்டினேன். இப்போது பெரிய காற்றுக்கு மட்டும் அடிக்கிறது.

சொட்டு முழுதாக நிற்கவில்லை. 2025 ஜனவரியில் ஒரு விடியற்காலை, முதலாம் வேகத்தில் நீண்ட நேரம் தண்ணீர் கொதிக்க வைத்தபோது இரண்டு மூன்று துளி விழுந்தது. கூரைக்கு மேலே நிற்கும் குழாய்த் துண்டுக்கு நான் பஞ்சு சுற்றவில்லை. அதற்கு மட்டும் இரட்டைத் தகரம் போட்டு நடுவில் பஞ்சு வைத்தோம். சமைத்து முடித்தபின் பத்து நிமிடம் ஹூட்டை ஓடவிட்டுக் குழாயைக் காயவைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. அதன்பின் துளி இல்லை.

இரண்டாவது வேலைக்கு ஹூட்டின் விலையில் பாதிக்கு மேல் செலவானது.

இன்று செய்வதானால்

கிரனைட் வெட்டும் முன் என்னைக் கேட்டிருந்தால் அடுப்பைச் சுவரோரம் வைக்கச் சண்டை போட்டிருப்பேன். அது முடியாதென்றால், ஹூட் வாங்குமுன் கூரையைப் பார்த்து, குழாய் நேரே ஏறும் இடத்துக்குக் கீழே மேடையை நகர்த்தச் சொல்லியிருப்பேன். ஓர் அடி நகர்த்தினால் ஓர் உத்திரம் மிச்சமாகும் இடங்கள் உண்டு. கூரைக்கு வெளியே நிற்கும் குழாய்க்கும் முதல் நாளே பஞ்சு சுற்றுவேன்.

என் பக்கத்துப் பிழை, அந்த அரை நாள். இப்போது ஹூட் வேலை எதற்குப் போனாலும் ஏணிக்கு முன்னால் வீட்டில் வேறு என்னென்ன எரிகிறது என்று கேட்கிறேன். நுவரெலியாப் பக்கம் குளிர்காயும் அடுப்புள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். அது எரிவது படுக்கப்போகும் நேரத்தில்.

காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் முதல் நாளே இருந்திருக்க வேண்டும். ஊரில் கிடைக்காததால் மகள் 2024 ஒக்டோபரில் அனுப்பினார். பின்னறையில், அம்மா உட்காரும் பலகைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. இதுவரை ஒரே ஒரு தடவை கத்தியது. பின்கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடி, எனக்கு அழைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது பற்றரி தீர்ந்திருந்தது.